விழுந்த மரம், துருப்பிடித்த கோடாலி, இறுகிப்போன எஞ்சின்: எதிலிருந்து தொடங்குவது?

பாத்திகட்டி எழுதியது:

வணக்கம். 12 ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த தாத்தாவின் கொட்டகையைச் சென்ற மாதம் திறந்தேன். நான் மாடி வீட்டில் வளர்ந்தவன். மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது என்பதைக்கூட இனிமேல்தான் பழக வேண்டும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

உள்ளே கிடந்தவை இவை. கோடாலித் தலைகள் இரண்டு. ஒன்றுக்குக் காம்பே இல்லை, மற்றதன் காம்பைக் கறையான் தின்றுவிட்டது. மண்வெட்டிகள் மூன்று, களைக்கொத்துகள் நான்கு, ஒரு கடப்பாரை, சில உளிகள், இருபுறமும் இருவர் நின்று இழுக்கும் நீண்ட ரம்பம் ஒன்று, காலால் மிதித்துச் சுற்றும் சாணைச் சக்கரம் ஒன்று. மூலையில், கைப்பிடி மாட்டிச் சுழற்றிக் கிளப்பும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றும் இருக்கிறது. அதன் ஃப்ளைவீலை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன், இம்மியும் அசையவில்லை.

கொட்டகைக்கு வெளியே, அண்மையில் அடித்த காற்றில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து பக்கத்து மரத்தின் கவட்டில் தலை வைத்தபடி நிற்கிறது. அடிமரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 45 செ.மீ. இருக்கும். முறிந்த கிளையொன்றைப் பார்த்தேன். நல்ல கனம், நடுப்பகுதி கருஞ்சிவப்பாக இருக்கிறது. அந்த மரத்தை அகற்றினால் கிடைக்கும் வெயிலில் வீட்டுக்குத் தேவையான காய்கறிகளைப் பயிரிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பழைய இரும்பு வாங்குபவர் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடச் சொல்கிறார். நண்பர் ஒருவரோ, ஒரு செயின் சாவும் பவர் டில்லரும் வாங்கிவிட்டால் ஒரே வாரத்தில் தோட்டம் தயாராகிவிடும் என்கிறார். இந்தக் கருவிகளில் மீட்கத் தக்கவை எவை, விட்டுவிட வேண்டியவை எவை என்று எப்படிக் கண்டறிவது? துருவை எப்படி நீக்குவது? விழுந்த மரத்திலிருந்தே காம்புகள் செய்துகொள்ள முடியுமா? இயந்திரம் உண்மையிலேயே தேவையா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அரமும்சாணையும் எழுதியது:

எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். துருவைப் பார்த்துக் கருவியை எடைபோடுவது பலரும் செய்யும் தவறு. மேலே பூத்திருக்கும் துரு வேறு, இரும்பைத் தின்று குழி பறித்திருக்கும் துரு வேறு. கம்பித் தூரிகையால் ஒருமுறை நன்றாகத் தேய்த்துவிட்டு, விரல் நகத்தை மேற்பரப்பில் ஓட்டிப் பாருங்கள். கோடாலியின் கன்னத்திலோ மண்வெட்டியின் முதுகிலோ குழிகள் இருந்தால் அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். வேலைக்கு அவை தடையில்லை. வெட்டும் வாயில் குழி இருந்தால் மட்டும், அந்தக் குழி தீரும்வரை வாயைத் தேய்த்து உள்வாங்க வேண்டியிருக்கும். தேய்த்தபின் அடியில் கறுப்பாக, வழவழப்பாக ஒரு படலம் தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். பளபளப்புக்காக அதையும் சுரண்டி எடுப்பவர்கள், மறுபடி துருப்பிடிக்கும் வேலையைத்தான் விரைவுபடுத்துகிறார்கள்.

அடுத்து, தலையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஒரு சிறு சுத்தியலால் தட்டுங்கள். மணிபோல நீண்டு ஒலித்தால் நல்லது. ஓட்டைப் பானையைத் தட்டியதுபோல ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. காம்பு நுழையும் கண்ணின் ஓரங்களை அப்போது உருப்பெருக்கி வைத்துப் பார்த்துவிடுங்கள். விரிசல் விழுந்த கோடாலித் தலையை யார் எவ்வளவு புகழ்ந்தாலும் பயன்படுத்தாதீர்கள்.

பழைய கோடாலிகளில் புதியவர்களுக்குத் தெரியாத ஒரு நுட்பம் உண்டு. எஃகு அரிதாக இருந்த காலத்தில் முழுத் தலையையும் எஃகால் செய்யமாட்டார்கள். உடலைத் தேனிரும்பாலோ மென்மையான இரும்பாலோ அடித்து, வாய்ப்பகுதியில் மட்டும் ஒரு எஃகுத் துண்டை உலையில் காய்ச்சி ஒட்டவைப்பார்கள். பல ஆண்டுகள் சாணை பிடித்துப் பிடித்து அந்த எஃகு முழுவதும் தேய்ந்து போயிருந்தால், எஞ்சியிருப்பதை எத்தனை முறை தீட்டினாலும் அரை நாள்கூட நிற்காது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி வினிகர்தான். கடையில் விற்கும் சாதாரண வினிகரில் அசிட்டிக் அமிலம் ஏறத்தாழ 5 விழுக்காடு இருக்கும். தலையை அதில் ஓரிரவு மூழ்கவைத்து எடுத்துத் தேய்த்தால் துருவும் போய்விடும். அதோடு எஃகுப் பகுதி கறுத்தும் இரும்புப் பகுதி வெளிறியும் நடுவில் ஒரு கோடாகப் பிரிந்து தெரியும். கோட்டுக்கும் வாய்க்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறதோ அதுதான் அந்தக் கோடாலிக்கு மீதமிருக்கும் ஆயுள். ஒரே நிறமாகத் தெரிந்தால், முழுவதும் எஃகாகவும் இருக்கலாம், எஃகு முழுவதும் தீர்ந்ததாகவும் இருக்கலாம். எது என்பதை அரம் சொல்லும்.

கூரான அரத்தை வாயின்மேல் வைத்து மெல்லத் தள்ளுங்கள். கண்ணாடியில் ஓடுவதுபோல வழுக்கினால் அளவுக்கு மீறிய கடினம். வேலையின்போது வாய் தெறிக்கும். ஈயத்தைக் கடிப்பதுபோல ஆழமாகக் கடித்தால் தோய்ச்சல் இல்லை, அதாவது காய்ச்சி முக்கிக் கடினமாக்கிய பதம் இல்லை. தயங்கித் தயங்கிக் கடித்தால் அதுவே கோடாலிக்கு ஏற்ற பதம்.

வினிகரிலிருந்து எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே துடைத்து, வெயிலில் சூடேற்றி எண்ணெய் பூசுங்கள். சற்று அசந்தால் அரை மணி நேரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் மறுபடி துரு பூத்துவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மட்டும் கொட்டகைக்குள் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி, நீங்கள் தொடாமல் வைத்திருக்கும் மற்ற கருவிகளையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும்.

தீட்டுவதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆனால் அதை நீட்டித்தான் சொல்ல வேண்டும். அவசரத்தில் மின்சாணையில் கொடுத்துவிடாதீர்கள். காய்ச்சித் தோய்த்த எஃகு, சூடேறும்போது நிறம் மாறும். ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். மின்சாணையில் மெல்லிய வாய் நீலமாக மாற ஓரிரு விநாடிகள் போதும். நீலம் ஏறிய இடத்தில் பழைய கடினம் போய்விட்டது என்று பொருள். தண்ணீரில் முக்கினாலும் அது திரும்பாது. அந்த இடம் தீரும்வரை தேய்த்து எடுப்பது அல்லது மறுபடி உலையில் வைப்பது, இரண்டைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் தாத்தாவின் மிதிசாணை மெதுவாகச் சுற்றும், தண்ணீரில் நனைந்தபடி சுற்றும். அதில் எஃகைச் சுட்டுவிடவே முடியாது. என்னைக் கேட்டால் அந்தக் கொட்டகையிலேயே மதிப்புள்ள பொருள் அதுதான். வேலை முடிந்ததும் தொட்டியிலிருந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். மணற்கல்லின் ஒரு பக்கம் மட்டும் நீரில் ஊறிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் இளகி விரைவில் தேய்ந்து, சக்கரம் வட்டம் தப்பிவிடும்.

கோடாலிக்கு இரு பக்கச் சரிவும் சேர்ந்து 25 முதல் 30 பாகை வரை இருக்கட்டும். அரம் தள்ளும்போதுதான் வெட்டும், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள்.

சாய்மரம் எழுதியது:

கருவிகளைப் பற்றி மேலே சொன்னவர் நிதானமாகச் சொல்லிவிட்டார். நான் மரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதுவும் கொஞ்சம் கண்டிப்பாக.

நீங்கள் சொல்வதுபோல வேர் பெயர்ந்து, தலை இன்னொரு மரத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் மரம், மரம் வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களும் அஞ்சும் மரம். அதன் கீழே நடமாடாதீர்கள். தாங்கி நிற்கும் மரத்தை வெட்டினால் இது தானே விழுந்துவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை அந்தப் பக்கமே சேர்க்காதீர்கள். பயிற்சியும் கப்பிக் கயிறும் உள்ள ஆளை வைத்து, அடிமரத்தை விலகி நின்று இழுத்துத் தரையில் படுக்கவைப்பதே முறை. மரம் தரைக்கு வந்தபிறகும் ஆபத்து தீர்ந்துவிடாது. பெயர்ந்து நிற்கும் வேர்த்தட்டில் டன் கணக்கில் மண் ஒட்டியிருக்கும். தண்டைத் துண்டித்ததும் அந்தத் தட்டு பழைய குழிக்குள் திடீரென்று மடங்கி உட்காரும். குழிக்குள் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படுத்த மரத்தை அறுப்பதற்கு முன், எந்தப் பக்கம் அழுந்தியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். இரு முனையும் தாங்கலில் இருந்து நடு தொங்கினால், மேல்பக்கம் அழுத்தத்திலும் கீழ்ப்பக்கம் இழுவையிலும் இருக்கும். அழுந்திய பக்கத்தில் முதலில் ஓரளவு அறுத்துவிட்டு, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். அழுந்திய பக்கத்திலேயே ஆழமாகப் போனால் ரம்பம் கவ்விக்கொள்ளும். இழுபட்ட பக்கத்தில் முதலிலேயே ஆழமாக வெட்டினால் கட்டை பிளந்து அடிக்கும். இப்படி அடித்த ஒரு கிளையின் நினைவாக என் வலது முழங்காலில் 9 தையல் போட்ட தழும்பு இருக்கிறது.

செயின் சா வாங்குவதைப் பற்றி: ஒரே ஒரு மரத்துக்காக வாங்காதீர்கள். வாங்கினாலும் முதல் பாடத்தை இந்த மரத்தில் படிக்காதீர்கள். சங்கிலி ஓடும் சட்டத்தின் நுனியில் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால், கண் இமைப்பதற்குள் ரம்பம் எகிறி முகத்தை நோக்கி வரும். தலைக்கவசம், கண் மறைப்பு, காதடைப்பு, இழைகள் பொதிந்த கால்காப்பு ஆகியவை இல்லாமல் அதைத் தொடக் கூடாது. தனியாக இருக்கும்போதும் தொடக் கூடாது. இப்போது வரும் பல இருவீச்சு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சின்களுக்கு 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. எண்ணெய் என்ற 50:1 கணக்கு. பழையவை சிலவற்றுக்கு 25:1. கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள். கலவையைத் தொட்டியில் விட்டு மாதக்கணக்கில் மூடிவைத்தால் பிசின்போல உறைந்து கார்புரேட்டரை அடைத்துவிடும்.

இருவர் இழுக்கும் ரம்பம் உங்களிடம் இருப்பது பேறு. மரத்தைத் தரையில் பாதுகாப்பாகப் படுக்கவைத்தபின் கட்டைகளாக்க அதுவே போதும். அதன் நெறி ஒன்றுதான்: இழுக்கலாம், தள்ளக் கூடாது. எதிரே நிற்பவர் இழுக்கும்போது உங்கள் கை சும்மா உடன் போக வேண்டும். உதவுவதாக நினைத்துத் தள்ளினால் மெல்லிய தகடு வளைந்து தடத்தில் சிக்கும். இரண்டு பேருக்குள் உள்ள பிணக்குகள் எல்லாம் அந்த ரம்பத்தில் பத்தே நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும் என்று எங்களுக்குள் கேலியாகச் சொல்லிக்கொள்வோம்.

இனிக் காம்பு. கணு இல்லாத, முறுக்கில்லாத, நேரான அடிப்பகுதியைத் தேர்ந்தெடுத்து, ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு அடித்துப் பிளந்தெடுங்கள். பிளவு நாரோட்டத்தின் வழியே போகும். அறுப்பு நாரை இடையில் வெட்டிவிடும். ஒரு முனையில் தொடங்கிய நார் மறுமுனை வரை அறுபடாமல் ஓடும் காம்புதான் அடியைத் தாங்கும். முனையில் தெரியும் ஆண்டு வளையங்கள், கோடாலி வாய் நிற்கும் திசையிலேயே நிற்கும்படி காம்பைச் செதுக்க வேண்டும். வளையமே தெளிவாகத் தெரியாத மரங்களும் உண்டு. அங்கே நாரின் நேர்மையை மட்டும் பார்த்தால் போதும். நடுவில் கருஞ்சிவப்பாகத் தெரிவது வைரம். பழந்தமிழில் உள்ளே காழ் (வைரம்) உடையதை மரம் என்றும் புறத்தே காழ் உடையதைப் புல் என்றும் பிரித்து, பனையைப் புல்லில் சேர்த்தார்கள். உங்களுடையது ஐயமில்லாமல் அகக்காழ் மரம். கறையானையும் மக்கலையும் வைரம் நன்றாகத் தாங்கும். ஆனால் காம்புக்கு வைரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். வெளிப்பகுதியும் பல மரங்களில் அதே வலிமையுடன் இருக்கும், நார் நேராக இருந்தால் போதும்.

பச்சை மரத்தில் காம்பு போடக் கூடாது. மரம் உலரும்போது வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. உருண்டைக் கட்டை விண்மீன்போல வெடிப்பதற்குக் காரணம் இந்த ஏற்றத்தாழ்வுதான். ஆகவே பிளந்த உடனே இரு முனைகளிலும் மெழுகோ பழைய பெயின்ட்டோ பூசி, ஒன்றோடொன்று ஒட்டாமல் இடையில் குறுக்குக் குச்சிகள் வைத்து, நிழலில் காற்றாட அடுக்குங்கள். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓர் ஆண்டு என்பது பழைய தோராயக் கணக்கு. அதைவிட நம்பகமானது தராசு: வாரம் ஒருமுறை ஒரு துண்டை எடைபோட்டுக் குறித்துவைத்து, எடை குறைவது நின்றதும் எடுத்துச் செதுக்குங்கள். அதுவரை உலர்ந்த காம்பு ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை.

டிக்டிக்டீசல் எழுதியது:

அரமும்சாணையும் ஐயா சொன்னதில் ஒரு சிறு திருத்தம். ஓரிரவு வினிகர் கோடாலித் தலைக்குச் சரி. இருவர் ரம்பத்துக்கு அதைப் பரிந்துரைக்கமாட்டேன். மெல்லிய தகட்டையும் பல் நுனிகளையும் அமிலம் நல்ல இரும்போடு சேர்த்தே அரிக்கும். ரம்பத்துக்கு மின்பகுப்பு முறை மேல். பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கில் சலவைச் சோடாவைக் கரைத்து, கருவியை மின்கலச் சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் மூழ்கவைத்தால் துரு இளகிக் கழன்றுவிடும். நல்ல இரும்பு தேயாது. முனைகளை மாற்றி இணைத்துவிட்டால் தேய்வது உங்கள் ரம்பமாக இருக்கும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியைப் போடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக நீரில் கரையும். சோடாவுக்குப் பதில் உப்பும் கூடாது, குளோரின் வாயு வரும். எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழியிடும் என்பதால் திறந்தவெளியில் வையுங்கள்; மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும்.

எஞ்சின் அசையவில்லை என்றால் உடைந்துவிட்டது என்று பொருளில்லை; பெரும்பாலும் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். நெம்புகோல் போட்டு முறுக்கினால்தான் உடையும். டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி அந்தத் துளை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிடுங்கள். நாள்தோறும் ஃப்ளைவீலை இருபுறமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு நூலளவு அசைந்துவிட்டால் மீதி தானாக வரும். இதற்கிடையே அடியிலுள்ள எண்ணெய்க் குழியின் திருகைச் சற்றே தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால், உள்ளே புகுந்திருந்தால் முதலில் அதுதான் சொட்டும். பழைய டீசலை வடித்து, தொட்டியைக் கழுவி, வடிகட்டியை மாற்றி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றிய பிறகே கிளப்ப முயல வேண்டும்.

கிளப்பும்போது அமுக்கத்தைத் தளர்த்தும் நெம்புகோலைத் தூக்கிவைத்து, வேகம் ஏறியபின் விடுங்கள். கைப்பிடியைப் பற்றும்போது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்கள் இருக்கும் பக்கத்திலேயே வையுங்கள். சுற்றிப் பிடித்தால், எஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது அந்த விரல் முறியும். இன்ஜெக்டரை வெளியே வைத்துச் சோதிக்கும்போது பீச்சும் டீசலுக்குக் குறுக்கே கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் அது தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிக்குத்துபோலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே உலர்வாக உரசாதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: நீங்கள் விவரித்த தோட்டத்துக்கு இந்த எஞ்சின் தேவையே இல்லை. அது ஓட ஆரம்பித்தபிறகு அதற்காக ஒரு வேலையைத் தேடுவீர்கள். நான் தேடினேன்.

மூடாக்கு எழுதியது:

எல்லாரும் இரும்பிலும் எண்ணெயிலும் ஆழ்ந்துவிட்டீர்கள். இவர் கேட்டது காய்கறி.

பவர் டில்லர் வேண்டாம், குறைந்தது முதல் ஆண்டில் வேண்டாம். நெடுநாள் தரிசாகக் கிடந்த நிலத்தில் கிழங்கு வழியாகவும் வேர்த்தண்டு வழியாகவும் பரவும் களைகள் நிச்சயம் இருக்கும். சுழலும் கத்தி அவற்றை நூறு துண்டாக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாக முளைக்கும். ஈரமான மண்ணில் ஓட்டினால் கத்தி எட்டும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகி ஒரு தட்டாகப் படிந்துவிடும். பிறகு வேரும் இறங்காது, நீரும் இறங்காது. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, விரலால் தட்டிப் பாருங்கள். உருண்டை உதிர்ந்தால் கொத்தலாம். களிமண்போலப் பிசுபிசுத்தால் இரண்டு நாள் காத்திருங்கள்.

மரம் போனபின் எந்த இடத்தில் ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் விழுகிறது என்று கவனித்து, அங்கே 20 சதுர மீட்டர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடப்பாரையால் ஆழமாகக் குத்தித் தளர்த்தி, களை வேர்களைக் கையால் பொறுக்குங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் அடுத்த ஆண்டு நாள்கணக்கில் மிச்சம். பக்கத்து மரங்களின் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான், ஏறத்தாழ 60 செ.மீ. ஆழத்துக்குள் ஓடும், கிளை நிழலுக்கு அப்பாலும் வெகுதூரம் நீளும். ஆகவே பாத்தியை அவற்றுக்கு எவ்வளவு தள்ளி அமைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி அமையுங்கள்.

விழுந்த மரத்தின் சிறு கிளைகளை எரிக்காதீர்கள். நறுக்கி, பாத்திகளுக்கு இடையே 5 முதல் 10 செ.மீ. தடிப்புக்குப் பரப்பினால் ஈரம் காக்கும், களை அடங்கும். ஆனால் மரத்தூளை மண்ணுக்குள் கிளறிவிடாதீர்கள். நான் முதல் ஆண்டில் செய்தது அதுதான். தக்காளிச் செடிகள் இரண்டு மாதம் மஞ்சளாகவே நின்றன. தூளில் கரிமம், தழைச்சத்தைப்போல் (நைட்ரஜனைப்போல்) சில நூறு மடங்கு இருக்கிறது. மக்கும் உரக்குவியலுக்கு 25 அல்லது 30 மடங்குதான் ஏற்றது. தூளை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள், குறையும் தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. மேலே கிடந்தால் இந்தத் தொல்லை மேற்பரப்போடு நின்றுவிடும். எரித்தே ஆக வேண்டிய துண்டுகளின் சாம்பலில் சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் உண்டு. அது மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளும் என்பதால் கையளவு தூவினால் போதும், யூரியாவோடு சேர்க்கக் கூடாது.

முதல் பயிராக அவரையினப் பயிர் ஏதாவது போடுங்கள். காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகளில் நிலைநிறுத்தும் பாக்டீரியாக்கள் அதற்கு இருப்பதால், ஏழை மண்ணிலும் தலைநிமிரும். பிறகு பூசணி; அகன்ற இலை தானே மூடாக்காகிவிடும்.

உங்கள் நான்கு களைக்கொத்துகளில் மிக மெல்லிய தகடு உள்ளதைத் தேர்ந்து, அதன் வாயைக் கத்திபோலத் தீட்டுங்கள். பலரும் மண்ணைக் கொத்துவதற்குக் கூர்மை எதற்கு என்று நினைக்கிறார்கள். களைமுளை வெள்ளை நூல்போல இருக்கும்போதே, வெயில் ஏறும் உலர்ந்த காலையில், மண்ணுக்குள் ஒரு விரல் ஆழத்தில் அந்த வாயை இழுத்துக்கொண்டே போனால் போதும். குனிந்து பிடுங்க எதுவும் மிஞ்சாது. நிமிர்ந்து நின்று வேலை செய்யும்படி காம்பு நீளமாக இருக்கட்டும்.

பாத்திகட்டி எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன், எல்லாருக்கும் நன்றி. மரத்தை அனுபவம் உள்ள மூன்று பேர் வந்து இழுத்துப் படுக்கவைத்தார்கள். தண்டை அறுத்த நொடியில் வேர்த்தட்டு, சாய்மரம் ஐயா சொன்னபடியே, ஒரு கதவு சாத்துவதுபோலக் குழிக்குள் மடங்கியது. அவர் எழுதியிருக்காவிட்டால் அந்த ஓரத்தில் நின்று நான் படம் எடுத்துக்கொண்டிருப்பேன். பிளந்த துண்டுகள் 11, முனைகளில் பெயின்ட் பூசி அடுக்கியாயிற்று.

வினிகரிலிருந்து எடுத்தபோது ஒரு கோடாலியில் கறுப்புக் கோடு அழகாகத் தெரிந்தது, 14 மி.மீ. எஃகு மீதமிருக்கிறது. மற்றதில் கோடே இல்லை, அரமும் ஆழமாகக் கடித்தது. அதை எடைக்குப் போடாமல், மரம் பிளக்க ஆப்பாக வைத்துக்கொண்டேன். எஞ்சின் நேற்றுக் காலை ஒரு நூலளவு அசைந்தது.

ஒரு சிக்கல். நல்ல கோடாலிக்கு உலர்ந்த காம்பு வாங்கிப் பொருத்தினேன். ஒரு வாரத்தில் தலை ஆடத் தொடங்கியது. வாளித் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்தேன், கல்போல இறுகியது. பத்து நாளில் முன்பைவிட மோசமாக ஆடுகிறது. காம்பே சரியில்லையா?

அரமும்சாணையும் எழுதியது:

காம்பைக் குறை சொல்லாதீர்கள், கெடுத்தது தண்ணீர். ஊறிய மரம் பருக்க முயலும்போது இரும்புக் கண் அதற்கு இடம் தராது. நார்கள் உள்ளுக்குள்ளேயே நசுங்கிவிடும். உலர்ந்தபின் அவை பழைய அளவுக்குக்கூடத் திரும்பாமல் இன்னும் சிறுத்துப்போகும். ஒவ்வொரு முறை ஊறவைக்கும்போதும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். காம்பைச் சரிசெய்யும்வரை அந்தக் கோடாலியை ஓங்காதீர்கள்.

காம்பு இரண்டு வாரம் நிழலில் நன்றாக உலரட்டும். தலையைத் தட்டிக் கழற்றி, உட்கண்ணில் கரி தடவி, மறுபடி நுழைத்து எடுத்தால் எங்கெங்கே உரசுகிறது என்பது கரிப்பொட்டாகத் தெரியும். அந்த இடங்களை மட்டும் சீவுங்கள். தலை இன்னும் கீழே இறங்கி, காம்பின் நுனி கண்ணுக்கு மேலே அரை செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இறக்குவதற்குத் தலையைத் தரையில் வைத்து அடிக்காதீர்கள்; காம்பைத் தலைகீழாகத் தொங்கப் பிடித்து, அதன் அடிமுனையில் மரச்சுத்தியால் தட்டுங்கள், தலை தன் கனத்தாலேயே ஏறி உட்காரும். பிறகு நுனியில் கண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ரம்பத்தால் ஒரு வெட்டு வெட்டி, உலர்ந்த வன்மர ஆப்பை அதில் அடியுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை முழுவதும் அறுத்துவிடாமல் விட்டுவையுங்கள். ஆப்பு அந்த நுனியை விரித்துக் கண்ணின் உதட்டுக்கு மேலே படரச் செய்யும்.

நுனிக்கு ஆளி விதை எண்ணெயை அது குடிக்கும் மட்டும் தடவுங்கள். தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடு வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானே தீப்பற்றும். வெளியே கம்பியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகரத்தில் போட்டு மூடிவிடுங்கள்.